குமரியில் தாமரை ஓட்டைக் கணிப்பவர்கள் செய்யும் தவறுகள்

தேர்தல் வந்தால் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆட்கள் வருவார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேர், மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒருத்தர், மண்டைக்காடு கோயில் வாசலில் நாலு பெண்கள் என்று பேட்டி எடுப்பார்கள். மறுநாள் கட்டுரை வந்துவிடும்: இந்துக்கள் இவ்வளவு, கிறிஸ்தவர்கள் இவ்வளவு, எனவே பாஜகவுக்கு இவ்வளவு. எண்ணில் தப்பில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். அந்த 'எனவே'தான் தப்பு.

இந்துக்கள் எல்லாரும் தாமரைக்குப் போட்டிருந்தால் இந்தத் தொகுதி நிரந்தரமாக அவர்கள் கையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? மக்களவைக்கு அந்தக் கட்சி இங்கே ஜெயித்தது ரெண்டே தடவை. 1999இல் திமுக கூட்டணியில் இருந்தது. 2014இல் திமுக, அதிமுக, காங்கிரஸ் மூன்றும் தனித்தனியாக நின்றன. இரண்டு முறையும் ஜெயித்தவர் பொன்.ராதாகிருஷ்ணன்.

தோற்றால் ஓட்டுப் போய்விட்டது என்று நினைப்பது

2014இல் அவர் வாங்கியது சுமார் 3.73 லட்சம் ஓட்டு. 1.28 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019இல் காங்கிரஸின் வசந்தகுமாரிடம் சுமார் 2.6 லட்சம் வித்தியாசத்தில் தோற்றார். 'குமரி பாஜகவைக் கைவிட்டது' என்று அன்றைக்கு எழுதாதவர்கள் குறைவு. அவர் அந்த முறை வாங்கியது எவ்வளவு? சுமார் 3.67 லட்சம். ஆறாயிரம் ஓட்டுதான் குறைவு. எதிரே சிதறிக் கிடந்தது ஒன்றாகச் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் அதுவும் தவறாகிவிடும். 2014இல் அதிமுக தனியாக நின்று 1.76 லட்சம் வாங்கியது. 2019இல் அதே அதிமுக பாஜகவோடு சேர்ந்தது. அப்படியானால் எண் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. 2024இல் அதிமுக மறுபடி பிரிந்து போனது, அப்போது எண் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. சுமார் 3.66 லட்சம். இடையில் 2021 இடைத்தேர்தலில் மட்டும் 4.38 லட்சத்துக்கு ஏறி, பிறகு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

மூன்று தேர்தலில் ஏறக்குறைய ஒரே எண் வருவதைப் பார்த்ததும் 'அசையாத அடித்தளம்' என்று சொல்லத் தோன்றும். எண் அசையவில்லை என்பது சரி, ஆள் அசையவில்லை என்று எப்படித் தெரியும்? 2014இல் டெல்லியில் ஆட்சி மாற வேண்டும் என்று போட்ட கடைக்காரர் 2019இல் விலகியிருக்கலாம், அந்த இடத்தில் ஒரு ரெட்டை இலைக்காரர் வந்து நின்றிருக்கலாம். தொகுதி மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

ஆர்எஸ்எஸ் சாகாவுக்குப் போகிறவரையே வாக்காளர் என்று எடுத்துக்கொள்வது

பேட்டி எடுக்க வருபவருக்கு முதலில் கிடைப்பவர் கட்சிக்காரர். அவரிடம் கேட்டால் 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்ததிலிருந்து தொடங்குவார். இந்து - கிறிஸ்தவர் கலவரம், துப்பாக்கிச் சூடு, அதை விசாரித்த வேணுகோபால் கமிஷன். அந்த வீடுகளில் அது இன்னும் ஆறவில்லை என்பது உண்மை. கட்சி இங்கே வேர்விட்டதற்கு அது பெரிய காரணம் என்பதும் உண்மை. 1996இல் பத்மநாபபுரத்தில் வேலாயுதன் ஜெயித்து, தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்எல்ஏ ஆனதை அந்தக் கதையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

ஆனால் தாமரைக்குப் போடுகிறவர்களில் சங்கக் குடும்பம் என்பது ஒரு பங்குதான். அதைவிடப் பெரிய கூட்டம் பழைய காங்கிரஸ் வீடு என்பது என் கணிப்பு. திராவிடக் கட்சிகள் இந்த மாவட்டத்தில் மற்ற இடங்களைப்போல ஆழமாகப் போகவில்லை. குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணி காலத்தில் இது அவருடைய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் மண். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் தேசியக் கட்சிகளின் மண்தான். 1969 இடைத்தேர்தலில் அன்றைய நாகர்கோவில் தொகுதி காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது. இந்து முன்னணியின் தலைவராக இருந்த தாணுலிங்க நாடாரே ஒரு காலத்தில் காங்கிரஸ் எம்பி. அகஸ்தீஸ்வரம் பக்கம் சில வீடுகளில் காமராஜர் படமும் மோடி படமும் ஒரே சுவரில் தொங்கும். வெளியூர்க்காரருக்கு அது முரண். அந்த வீட்டுப் பெரியவருக்கு 'டெல்லியில் கெட்டியான ஆள் வேணும்' என்ற ஒரே எண்ணத்தின் முன்பக்கமும் பின்பக்கமும். அவருக்கு இந்துத்துவ வாசகம் ஒன்றும் தெரியாது. இந்தித் திணிப்பு என்றால் எரிச்சல்படுவார், நீட் வேண்டாம் என்பார், ஆனாலும் தாமரையில்தான் அழுத்துவார்.

மூன்றாவது கூட்டம் பக்தி வழியாக வருவது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சமய வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் அம்மாக்கள், திருவிளக்கு பூஜைக்கு விளக்கும் திரியும் தேங்காயும் எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காரும் பெண்கள். பூஜைக்குச் சீட்டு எழுதுகிறவரும் பூத் கமிட்டியில் இருப்பவரும் ஒரே ஆளாக இருப்பது உண்டு. அதனால் அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாரும் கட்சி என்று முடிவுகட்டுவது மகா அவசரம். மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டில் நிற்கும் கூட்டத்தில் ரெட்டை இலை உண்டு, உதயசூரியன் உண்டு, கையும் உண்டு.

பக்தி ஓட்டு கட்சி ஓட்டாக மாறும் என்ற நம்பிக்கை கட்சிக்கே ஒருமுறை பொய்த்தது. 2018 செப்டம்பரில், எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்ற சபரிமலைத் தீர்ப்பு வந்தது. முதலில் சங்கத் தரப்பில் தயக்கம், பிறகு நாமஜபம், போராட்டம், கடையடைப்பு. குமரியிலும் அந்தச் சூடு இருந்தது, ஏனென்றால் விரதம் இருந்து மாலை போடுகிறவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு. 2019இல் கேரளத்தில் 20இல் 19 தொகுதி காங்கிரஸ் கூட்டணிக்குப் போனது. பாஜகவுக்கு ஒன்றும் இல்லை. தீர்ப்பின் மேல் கோபப்பட்ட பக்தர்களில் நிறையப் பேர் அந்தக் கோபத்தைக் காங்கிரஸின் கைச் சின்னத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

எம்.ஆர்.காந்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல தேர்தல் தோற்று, 2021இல் நாகர்கோவிலில் ஜெயித்தவர். காலில் செருப்புப் போடாமல் நடக்கிறவர். 'கட்சி புடிக்காது, ஆள் நல்ல ஆளு' என்று அவருக்குப் போட்டவர்களை நானே அறிவேன். அந்த வெற்றியைச் சித்தாந்த வெற்றியாக எழுதியவர்கள் கோட்டாறு கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்றிருக்கலாம்.

அய்யாவழிக்காரர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடுவது

இது ரொம்ப நாசூக்கான இடம். வெளியூர்க்காரர்கள் அதிகமாக வழுக்குவதும் இங்கேதான்.

அய்யா வைகுண்டர் வழியில் வருகிறவர்கள் பதி, நிழல்தாங்கல் என்ற தங்கள் வழிபாட்டு இடங்களில் கும்பிடுகிறவர்கள். சிலை இல்லை. கண்ணாடி முன்னால் நின்று கும்பிடுகிறார்கள், ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். ஒடுக்கப்பட்டவன் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கொடி காவி நிறம். அந்த நிறத்தைப் பார்த்தே பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

உள்ளே ரெண்டு பார்வை இருக்கிறது. வைகுண்டர் நாராயணனின் அவதாரம், நாமும் இந்துதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. இது தனி வழி, சாதிக் கொடுமை செய்த அதே மரபுக்குள் எங்களைத் தள்ளாதே என்று சொல்கிறவர்களும் உண்டு. 2024 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என்.ரவி வைகுண்டரைச் சனாதன தர்மத்தோடு சேர்த்துப் பேசியபோது, அய்யாவழித் தலைவர்களில் ஒருவரான சாமித்தோப்பு பால பிரஜாபதி அடிகளார் வெளிப்படையாக மறுத்தார். சரி, அவர் மறுத்தார் என்பதற்காக அய்யாவழிக்காரர்கள் எல்லாரும் பாஜகவுக்கு எதிர் என்று எழுதினால்? அதுவும் தவறு. அடிகளாரிடம் திருநாமம் இட்டுக்கொண்டு வந்து, மதியம் தாமரைக்குப் போடுகிறவர் இருக்கிறார். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பார்வை, தம்பி இன்னொரு பார்வை. இந்து நாடார் என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் இவர்களைப் போட்டால் இதெல்லாம் மறைந்துபோகும்.

கொள்கை அறிக்கையிலிருந்து ஆளைக் கண்டுபிடிப்பது

குலசேகரம், திருவட்டாறு பக்கம் போய் ஆர்எஸ்எஸ் நிலவரம் என்ன என்று கேட்டால் கிலோவுக்கு எவ்வளவு என்றுதான் பதில் வரும். ஆர்எஸ்எஸ் 4 என்பது இங்கே ரப்பர் ஷீட்டின் தரம். வேடிக்கை இல்லை, அந்த விலைதான் பல வீடுகளில் அரசியல்.

விடியுமுன் பால்வெட்டு, சிரட்டையில் வடிந்ததை வாளியில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, மிஷினில் ஷீட் அடித்துக் கொடியில் காயப்போடுவார்கள். மழை வந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. 2011இல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போன ரப்பர், 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே வந்தது. இந்த விவசாயிக்கு வேண்டியது இறக்குமதி வரி ஏற வேண்டும் என்பது. டயர் கம்பெனிக்கு வேண்டியது அது இறங்க வேண்டும் என்பது. தாமரைக்குப் போடுகிற ரப்பர்க்காரர் சுதேசிப் பேச்சை நம்பிப் போடுகிறார். அதே தாமரைக்குப் போடுகிற நகரத்துப் பட்டதாரி 'சந்தையைத் திறந்துவிடு' என்பவர். 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பர் மீதான வரி 10லிருந்து 25 சதவீதமானபோது முதல் ஆளுக்கு மகிழ்ச்சி, இரண்டாவது ஆளுக்கு அது ஒரு செய்தியே இல்லை. 'வெலைய மட்டும் ஏத்தச் சொல்லுங்க அண்ணாச்சி, மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம்' என்று சொல்கிற தோட்டக்காரர் இந்துவா கிறிஸ்தவரா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது.

துறைமுக விஷயமும் இப்படித்தான். இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு 2016இல் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்புக்குப் பிறகு இடம் குமரி மாவட்டத்துக் கோவளம் - கீழமணக்குடி பக்கம் நகர்ந்தது. நாகர்கோவில் வியாபாரிகளில் ஒரு பகுதிக்கு அது வேலை, லாரி, வாடகை. கடற்கரைக்கு அது வீடு போகும் விஷயம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்து, கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோது கடற்கரையின் கோபம் இறுகிவிட்டது. உள்நாட்டுத் தாமரை ஓட்டு அதனால் பெரிதாகக் குறையவில்லை, எதிரே இருந்தது கெட்டியானது. மேலே சொன்ன 2019 கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சாப்பாட்டை வைத்துக் கணிக்கவே கூடாது. 2017இல் மலப்புரம் இடைத்தேர்தலில் நின்ற பாஜக வேட்பாளர், நல்ல மாட்டிறைச்சி கிடைக்க வழி செய்வேன் என்று சொன்னவர்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதேதான் என்று நினைப்பது

களியக்காவிளை தாண்டினால் கணக்கே வேறு. திருவனந்தபுரத்தில் நாயர் ஓட்டு, ஈழவர் ஓட்டு, எல்லாக் கட்சிக்கும் ஒரே தூரம் என்ற நாயர் அமைப்பான என்எஸ்எஸ்ஸின் 'சமதூரம்', 2015இல் தொடங்கிய ஈழவர் சார்புக் கட்சியான பிடிஜேஎஸ் என்று அந்த ஊரின் இழைகள் தனி. 2016இல் நேமத்தில் பாஜகவின் ஓ.ராஜகோபால் ஜெயித்ததையும் 2021இல் அதே இடம் மார்க்சிஸ்ட் கட்சியின் சிவன்குட்டிக்குப் போனதையும் குமரியை வைத்து விளக்க முடியாது.

பாலக்காட்டில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, கல்பாத்தி அக்ரகாரம் உண்டு என்பதற்காக அதையும் இதோடு சேர்ப்பார்கள். அங்கே அடித்தளம் நகரத்தில், முக்கியமாக நகராட்சி வார்டுகளில். 2021இல் 'மெட்ரோ மேன்' ஸ்ரீதரன் பாஜகவுக்கு நின்றபோது தோல்வி 3,859 ஓட்டில். 2024 இடைத்தேர்தலில் கல்பாத்தித் தேருக்காகத் தேதியையே தள்ளிவைத்தார்கள், ஆனால் பாஜக தோற்ற வித்தியாசம் 18 ஆயிரத்தைத் தாண்டியது. ஸ்ரீதரனுக்குப் போட்டது எவ்வளவு, கட்சிக்குப் போட்டது எவ்வளவு என்பது அப்போது வெளியே தெரிந்தது. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு பாஜகவின் சந்தீப் வாரியர் காங்கிரஸுக்குப் போனதும் இந்தக் கதையில் சேரும்.

உட்கட்சிச் சண்டை என்றதும் 'பிளவு' என்று தலைப்புப் போடுவது இன்னொரு பழக்கம். 2024 பிப்ரவரியில் குமரியின் விளவங்கோடு எம்எல்ஏ விஜயதரணி காங்கிரஸிலிருந்து பாஜகவுக்கு வந்தார். விளவங்கோடு இடைத்தேர்தல் சீட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. நெடுநாள் தொண்டருக்கு அது ஆறுதல், வளர வேண்டும் என்கிறவருக்கு அது முட்டாள்தனம். ஜெயித்தது காங்கிரஸின் தாரகை கத்பர்ட். சீட்டுச் சண்டை போட்ட இரு தரப்பும் அப்போது எதிர்க்கட்சிக்குப் போய்விடவில்லை.

கட்சிக்கும் கட்சிக்கும் நடுவிலான எல்லை உண்மையில் கசிவது வேறு இடத்தில். 2024 அக்டோபரில் ஆர்எஸ்எஸ் ஊர்வலத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்ததற்காக அதிமுக எம்எல்ஏ தளவாய் சுந்தரத்தின் கட்சிப் பதவியைத் தலைமை பறித்தது, பிறகு திருப்பிக் கொடுத்தது. சென்னையில் அது செய்தி. தோவாளையில் 'இதுல என்ன இருக்கு' என்றார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும் என்றால் பேட்டியைக் குறைத்துக்கொண்டு படிவம் 20ஐ எடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக எந்த வேட்பாளருக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். 2021 ஏப்ரல் 6 அன்று குமரியில் ஒரே வாக்காளர் ஒரே நாளில் ரெண்டு ஓட்டுப் போட்டார், ஒன்று சட்டமன்றத்துக்கு, ஒன்று மக்களவை இடைத்தேர்தலுக்கு. பொன்.ராதாகிருஷ்ணனின் எண் 4.38 லட்சத்துக்கு ஏறியதும் அன்றுதான். கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியில் கூட்டணி வேட்பாளர் ரெட்டை இலை, மக்களவைக்குத் தாமரை. அகஸ்தீஸ்வரத்தில் ஒரு பத்துச் சாவடி, தோவாளையில் ஒரு பத்துச் சாவடி எடுத்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் 2024 எண்ணை மூன்றாவது பத்தியில் எழுதுங்கள். எந்த ஊரில் தாமரை தன் காலில் நிற்கிறது, எங்கே இலையின் நிழலில் நின்றது என்பதைச் சாவடி சாவடியாக அங்கேதான் தேட வேண்டும்.