காகிதம் மடித்து வடிவியல்: வகுப்பில் எங்கே பிசகுகிறது?

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வடிவியலின் பெரும்பகுதியை வெறும் தாளை வைத்தே நடத்திவிடலாம். ஆனால் தாளைக் கையில் கொடுத்து, "பாதியா மடிங்க" என்றால் மட்டும் போதாது. எதன் மேல் எது படிய வேண்டும் என்று சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு. ஒரு புள்ளியை இன்னொரு புள்ளியின் மேல் வைத்து மடித்தால் மையக்குத்துக்கோடு, அதாவது இரண்டையும் இணைக்கும் கோட்டைச் செங்குத்தாகப் பாதியாக வெட்டும் கோடு. கோணத்தின் ஒரு கரத்தை மறு கரத்தின் மேல் வைத்தால் கோண இருசமவெட்டி. ஒரு கோட்டை அதன் மேலேயே படியவைத்தால் அதற்குச் செங்குத்து. மூன்றும் வேறு வேறு. "பாதி" என்ற சொல்லில் மூன்றும் குழம்பிப்போகும்.

அடுத்தது, எப்போதும் சதுரத் தாளையே கொடுப்பது. சதுரத்தில் பழகிய பிள்ளையிடம் செவ்வகத்துக்கு எத்தனை சமச்சீர் கோடுகள் என்று கேட்டுப் பாருங்கள். மூலைவிட்டங்களையும் சேர்த்து 4 என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஒரு ஏ4 தாளை (210 × 297 மி.மீ.) மூலைவிட்டத்தில் மடிக்கச் சொல்லுங்கள். மூலைகள் பொருந்தாமல் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அதோடு விட்டுவிடாமல் அதே கோட்டில் வெட்டி, ஒரு துண்டை 180 பாகை சுழற்றி மற்றதன் மேல் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். சர்வசமம்தான், ஆனால் அது சமச்சீர்க் கோடு அல்ல. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் விளக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சதுரத்தைக்கூட வெட்டித் தர வேண்டியதில்லை. 1893ல் சென்னையில் வெளியான தன் காகித மடிப்பு வடிவியல் நூலை டி. சுந்தர ராவ் தொடங்குவதே ஒழுங்கற்ற தாளிலிருந்து மடித்து மடித்துச் சதுரம் எடுப்பதில்தான். அந்த வேலையிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் ஓரிடத்தில் சேர்த்து 180 பாகை காட்டும் மடிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் சொதப்புவதும் அதில்தான். ஆசிரியர் இருசமபக்க முக்கோணத்தை எடுத்து, உச்சியை அடிப்பக்கத்தின் நடுவில் கொண்டுவந்து வைப்பார், அழகாக வரும். அசமபக்க முக்கோணம் வைத்திருக்கும் பிள்ளை அப்படியே செய்தால் கோணங்கள் சேராது. உச்சி போய்ச் சேர வேண்டிய இடம் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளி அல்ல, உச்சியிலிருந்து இறங்கும் குத்துக்கோட்டின் அடி. ஆகவே, அடிப்பக்கம் தன் மேலேயே படியும்படி உச்சி வழியாக முதலில் ஒரு மடிப்பு. அதை விரித்துவிட்டு, உச்சியை அந்த அடிப்புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் மற்ற இரு முனைகளையும் அதே புள்ளிக்கு. விரிகோண முக்கோணம் என்றால் மிக நீளமான பக்கத்தை அடிப்பக்கமாக வையுங்கள். இல்லாவிட்டால் குத்துக்கோட்டின் அடி தாளுக்கு வெளியே போய்விடும்.

மடிந்து கிடப்பது ஒரு செவ்வகம்: நீளம் அடிப்பக்கத்தில் பாதி, அகலம் உயரத்தில் பாதி. முக்கோணம் அந்தச் செவ்வகத்தை இரண்டு அடுக்காக மூடியிருக்கிறது. அப்படியானால் பரப்பளவு என்ன என்று கேட்டால் ½ × அடி × உயரம் பிள்ளைகளிடமிருந்தே வந்துவிடும். இதைக் கேட்காமல் தாளைக் குப்பையில் போட வைப்பது பெரிய வீண்.

"பார்த்தீர்களா, 180 வந்துவிட்டது, நிரூபித்தாயிற்று" என்று முடிப்பதும் சரியில்லை. அந்த ஒரு முக்கோணத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் 'ஏன் எப்போதும் வரும்?' என்று கேட்க வேண்டும். முதல் மடிப்புக்கோடு உயரத்தின் பாதியில், அடிப்பக்கத்துக்கு இணையாகப் போகிறது. அதனால் மற்ற இரு பக்கங்களையும் நடுவில் வெட்டுகிறது. அந்த நடுப்புள்ளிகளைப் பிடித்துக்கொண்டால் காரணம் வெளிவந்துவிடும்.

நடுக்கோடு (முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போவது), குத்துக்கோடு, கோண இருசமவெட்டி என்று மடிக்கும்போது சமபக்க முக்கோணத்தைத் தொடவே தொடாதீர்கள். மூன்றும் ஒரே கோடாகிவிடும், பிள்ளைக்கு மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. முக்கோணத்தை வெட்டி எடுக்காமல் பெரிய தாளின் நடுவில் வரைந்து மடிப்பது நல்லது. விரிகோண முக்கோணத்தின் குத்துக்கோடுகள் வெளியே சந்திப்பதைக் காட்ட வேறு வழியில்லை.

சார்ட் பேப்பர் வேண்டாம், மடிப்பு கூர்மையாக விழாது. முனைகளுக்கு முன்னும் பின்னும் பெயர் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மடித்த பிறகு எது எந்த முனை என்ற சண்டை வராது. கொக்கு, படகு எல்லாம் கைவேலை வகுப்புக்கு இருக்கட்டும். கொக்குக்குக் கழுத்து வருவதற்குள் மணி அடித்துவிடும்.