ஐஸ்லாந்து சாகாக்களை வரலாற்றுச் சான்றாகப் படிப்பது எப்படி?

வைக்கிங் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு “இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?” என்று தேடிக்கொண்டு சாகாக்களுக்கு, அதாவது இடைக்கால ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட உரைநடைக் கதைகளுக்கு, வந்து சேருகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு கேள்வியோடு மட்டும் படித்தால் சீக்கிரமே முட்டுச்சந்தில் நிற்பீர்கள். ஊர்ப் பெயரும் வம்சாவளியும் இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நம்பிவிடுவீர்கள், இல்லாவிட்டால் செத்தவன் எழுந்து வந்து கூரைமேல் ஏறுகிறானே என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவீர்கள். இரண்டுமே சோம்பேறித்தனம். எந்தச் சாகாவிலும் இரண்டு காலங்கள் கலந்து கிடக்கின்றன: கதை நடக்கும் காலம், அதை எழுதியவர் வாழ்ந்த காலம். எந்த வரி எந்தக் காலத்துக்குச் சான்று என்று பிரிப்பதுதான் நம் வேலை.

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ரக்னர் லோத்புரோக்கின் சாகா போன்றவை ஐஸ்லாந்தில் ஆள் குடியேறுவதற்கு முந்தைய வீரர்களைப் பற்றியவை, ராட்சதப் பாம்பைக் கொல்வதெல்லாம் உண்டு. 9ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாக அவற்றைத் தொடவே வேண்டாம். பலருக்கும் தெரிந்த குடும்பச் சாகாக்கள் சுமார் 870 முதல் 1030 வரை நடந்ததைச் சொல்கின்றன, ஆனால் எழுதப்பட்டது 13, 14ஆம் நூற்றாண்டுகளில், அதுவும் பெரும்பாலும் யார் எழுதியது என்றே தெரியாமல். நார்வே அரசர்களைப் பற்றியவை தனி வகை. கடைசியாக, 12, 13ஆம் நூற்றாண்டுச் சண்டைகளைக் கிட்டத்தட்ட அதே காலத்து ஆட்களே எழுதிவைத்த சமகாலச் சாகாக்கள். அவற்றை 1300 வாக்கில் ஒன்றாகத் தொகுத்ததுதான் ஸ்டுர்லுங்கா. பெயர்கள் வந்துகொண்டே இருக்கும், பாதியில் தலை சுற்றும், அதனாலேயே பலர் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் வரலாறுதான் வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

அடுத்து, படிக்கும் ஒவ்வொரு சாகாவுக்கும் ஒரு தாளில் மூன்று ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள்: சம்பவம் எப்போது, எழுதியது எப்போது, நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதி எப்போது. குடும்பச் சாகாக்களில் ஒன்றான நியாலின் சாகாவை எடுத்துக்கொண்டால், நியாலையும் குடும்பத்தையும் வீட்டோடு வைத்து எரித்தது 1010 வாக்கில், சாகா எழுதப்பட்டது 1280 வாக்கில், மிகப் பழைய பிரதிகள் 1300ஐ ஒட்டியவை, ஆசிரியரின் மூலப் பிரதி கிடைக்கவில்லை. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே சுமார் 270 ஆண்டுகள். அப்படியிருக்க, எரிகிற வீட்டுக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று வரி வரியாக வருகிறதென்றால் அது எழுதியவரின் கைவண்ணம். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அப்போது தீ வைத்ததே பொய்யா? இல்லை. குடியேற்றப் பதிவேடான லாண்ட்நாமபோக்கிலும் நியால் எரிக்கப்பட்ட செய்தி வருகிறது, கதை எதுவும் இல்லாமல் போகிற போக்கில். இப்படி ஆர்ப்பாட்டமில்லாமல் சொல்லிவிட்டுப் போகும் இடங்களுக்கு மதிப்பு அதிகம். நியாலின் பண்ணை இருந்ததாகச் சொல்லப்படும் பெர்க்தோர்ஷ்வோலில் தோண்டியபோது எரிந்த கட்டடத் தடயங்களும் கிடைத்தன, ஆனால் நியால் செத்த வீடு அதுதான் என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. சம்பவம் நடந்திருக்கலாம் என்பது வரைக்கும் சரி, விவரங்கள்தான் பிரச்சினை.

அந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. 1253 அக்டோபரில் வடக்கு ஐஸ்லாந்தின் ஃப்ளூகுமீரியில், பகை தீர்ப்பதற்காக நடத்திய ஒரு கல்யாண விருந்து முடிந்த கையோடு எதிரிகள் வந்து வீட்டுக்குத் தீ வைத்தார்கள். தலைவர் கிசுர் தோர்வால்ட்சன் புளித்த மோர்த் தொட்டிக்குள் ஒளிந்து தப்பினார், மனைவியும் மகன்களும் செத்தார்கள். இதை எழுதியவர் ஸ்டுர்லா தோர்தார்சன். மணப்பெண் அவருடைய சொந்த மகள், 13 வயது, தீயிலிருந்து பிழைத்தவள். ஸ்டுர்லா விருந்துக்குப் போய்விட்டு, தீ வைப்பதற்கு முன்பே கிளம்பியிருந்தார். நியாலின் சாகாவை எழுதியவர் பேனாவை எடுத்தபோது இந்தத் தீக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, நாடு முழுக்க எல்லோருக்கும் தெரிந்த கதை. 1010இன் தீயை அவர் 1253இன் வெளிச்சத்தில் எழுதினார் என்று பல ஆய்வாளர்கள் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். இன்னொரு தடயமும் பாருங்கள்: அதே சாகாவில் காரியின் கேடயத்தில் சிங்கமும் ஹெல்கியின் கேடயத்தில் மானும் வரைந்திருக்கின்றன. கேடயத்தில் இப்படிச் சின்னம் போடுவது 13ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் பழக்கம். உடை, ஆயுதம், அலங்காரம் பற்றிய வர்ணனை எங்கே வந்தாலும் இப்படி நிறுத்திப் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே, அதற்கு ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் அரி தோர்கில்சன். 1122க்கும் 1133க்கும் இடையில் அவர் எழுதிய இஸ்லெண்டிங்கபோக் ஐஸ்லாந்தியரின் வரலாற்றைச் சொல்லும் மிகச் சின்ன நூல். யார் சொல்லிக் கேட்டது என்று பெயரோடு சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. மூன்று வயதில் ஞானஸ்நானம் பெற்றதை நினைவு வைத்திருந்த ஹால், சாகாக்களில் அடிக்கடி வரும் தலைவர் ஸ்னோரி கோதியின் மகள் தூரித் என்று அவருடைய சாட்சிகள் நேரடியானவர்கள். ஐந்தாம் நீதிமன்றம் (நாட்டுப் பேரவையில் புதிதாக வந்த மேல் நீதிமன்றம்) பற்றிய இடத்தில் இவர் எப்படி உதவுகிறார் என்று பாருங்கள். நியாலின் சாகாவில் அது நியாலின் மூளையில் உதித்த யோசனை, வளர்ப்பு மகனுக்கு ஒரு தலைவர் பதவி வாங்கித் தர. அரியோ அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பேரவையில் நாட்டுச் சட்டத்தை வாயால் எடுத்துச் சொல்லும் ‘சட்டம் உரைப்பவராக’ இருந்த ஸ்காப்டி என்று மட்டும் சொல்கிறார், நியாலின் பெயரே இல்லை. இப்படி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் முந்தைய, வறண்ட நூலை நம்புங்கள். கதைக்குத் தோதாக வளைந்திருப்பது பிந்தையதுதான்.

நாட்டுக்கு வெளியே உள்ள சான்றையும் விடாதீர்கள். கவிஞனும் வீரனுமான எகிலின் சாகாவில் இங்கிலாந்து மன்னர் ஆதெல்ஸ்டனுக்காக எகிலும் அண்ணனும் ஒரு பெரிய போரில் இறங்குகிறார்கள். இது 937இல் நடந்த புருனன்பர் போர் என்பது பொதுவான கருத்து. சாகாவோ அதை ஆதெல்ஸ்டன் பட்டத்துக்கு வந்த புதிதில் நடந்ததாகச் சொல்கிறது, எதிரி ஓலாஃபை ஸ்காட்லாந்து அரசராக்கிப் போர்க்களத்திலேயே சாகடிக்கிறது. ஆங்கிலோ சாக்சன் வரலாற்றுக் குறிப்பின்படி ஸ்காட்லாந்து அரசர் கான்ஸ்டன்டீன், ஓலாஃப் டப்ளினுக்குத் தப்பிவிட்டார். போர் நினைவில் நின்றிருக்கிறது, ஆண்டும் ஆளும் குழம்பிவிட்டன.

எகில் பாடியதாக நடுநடுவே வரும் செய்யுள்கள் வேறு கணக்கு. யாப்பு இறுக்கமாக இருப்பதால் வாய்வழியாக வந்தாலும் சொல் அவ்வளவு எளிதில் மாறாது, எனவே உரைநடையைவிட அவை பழையவையாக இருக்க வாய்ப்புண்டு. 13ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசனும் (முன்பு வந்த ஸ்னோரி கோதி வேறு) தன் அரசர் வரலாற்றின் முன்னுரையில் இதைத்தான் வாதிடுகிறார்: அரசர் முன்னாலேயே பாடும்போது அவர் செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் அது புகழாகாது, கேலியாகிவிடும். நல்ல வாதம், ஆனால் அரசவைப் பாட்டுக்கு மட்டும் பொருந்தும். குடும்பச் சாகாவில் சண்டைக்கு நடுவே ஒருவன் நின்று எட்டு அடி பாடினால் அது சாகா எழுதியவரே கட்டியதாகவும் இருக்கலாம்.

அப்புறம் மண். 870களில் விழுந்த எரிமலைச் சாம்பல் ஐஸ்லாந்தின் பெரும் பகுதியில் ஒரு அடுக்காகக் கிடக்கிறது, குடியேறியவர்களின் மிகப் பழைய தடயங்கள் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேதான். குடியேற்றம் தொடங்கியதாக அரி சொன்ன 870க்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சாகாக்களில் மேற்கே கடல் கடந்து போய்ச் சேர்ந்ததாக வரும் வின்லாந்து விஷயத்தில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில் 1960களில் தோண்டி எடுத்த குடியிருப்பு இருக்கிறது. அங்கே உலோகக் கருவியால் வெட்டிய மரம் 1021ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021இல் கணக்கிட்டார்கள். ஆகவே வட அமெரிக்காவுக்குப் போனது உண்மை. அதற்காக இரண்டு வின்லாந்து சாகாக்களும் சரியாகிவிடாது. ஒன்றில் அந்தக் கரையை முதலில் பார்த்தவர் ப்யார்னி, இன்னொன்றான எரிக்கின் சாகாவில் லெய்ஃப், அதிலேயே ஒற்றைக்கால் பிராணி ஒன்று வந்து அம்பும் விடுகிறது. எரிக்கின் சாகாவின் ஒரு பிரதியை எழுதிய ஹௌக் எர்லெண்ட்சன், வின்லாந்து போன கார்ல்செஃப்னியின் வம்சாவளியை நீட்டித் தன் பெயரில் கொண்டுவந்து முடித்திருக்கிறார்! பிரதி எழுதுகிறவருக்கும் ஒரு சுயநலம் உண்டு என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, இவ்வளவு சந்தேகப்பட்ட பிறகு என்ன மிஞ்சும்? நிறையவே மிஞ்சும். பகை எப்படித் தொடங்குகிறது, யார் நடுவில் நின்று சமரசம் பேசுகிறார்கள், ஒரு உயிருக்கு எவ்வளவு ஈட்டுத்தொகை, கம்பளித் துணி எப்படிப் பணமாகப் புழங்குகிறது, பழிவாங்கத் தயங்கும் ஆணைப் பெண்கள் எப்படி உசுப்பேற்றுகிறார்கள் என்பதையெல்லாம் எழுதியவர் தன் நூற்றாண்டைப் பார்த்தே எழுதியிருக்கிறார். ஒரே வழக்கம் பல குடும்பச் சாகாக்களிலும், கிராகாஸ் என்ற சட்டத் தொகுப்பிலும், ஸ்டுர்லுங்காவிலும் வந்தால் 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக்கு அதைத் தைரியமாகப் பயன்படுத்துங்கள். 10ஆம் நூற்றாண்டுக்கும் அதையே நீட்டுவதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

ஸ்டுர்லுங்கா சமகாலத்தது என்பதால் அது நடுநிலையானது என்று நினைத்துவிடாதீர்கள். 1241இல் ரெய்க்ஹோல்ட்டின் நிலவறையில் கிசுரின் ஆட்கள் ஸ்னோரி ஸ்டுர்லுசனைக் கொன்றதை எழுதியவரும் அதே ஸ்டுர்லாதான், ஸ்னோரி அவருக்குச் சித்தப்பா. அதே கிசுரின் மகனுக்குத்தான் பின்னால் தன் மகளைக் கட்டிக்கொடுத்தார். ஒரு மனிதருக்கு அந்தச் சண்டையில் இதைவிட நெருக்கமான சம்பந்தம் இருக்க முடியுமா? ஆகவே அவர் யாரைப் பற்றி நிறையப் பேசுகிறார், யாரைப் பற்றி ஒரே வரியில் முடிக்கிறார் என்பதையும் குறித்துக்கொண்டே வாருங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், முதலில் ஃப்ளூகுமீரி பகுதியை மட்டும் படியுங்கள், பிறகு நியாலின் சாகாவின் தீ வைப்பு, அதன்பின் அரியின் சின்ன நூல் முழுவதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பல 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, வேண்டுமென்றே பழைய நடையில் எழுதியவை. கதை பிடிக்க அவை போதும். ஆதாரமாக ஒரு வரியை எடுத்துக்காட்டப் போகிறீர்கள் என்றால் எந்தக் கையெழுத்துப் பிரதி என்று சொல்லும் அடிக்குறிப்புள்ள புதிய பதிப்பைத் தேடிப் பிடியுங்கள்.