மின்சாரக் காரில் முதல் வெளியூர்ப் பயணம்: வழியில் தவிக்காமல் சார்ஜ் போடுவது எப்படி?

மின்சாரக் கார் வாங்கிய முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் போகும். வீடு, அலுவலகம், ராத்திரி சார்ஜ். சிக்கல் ஆரம்பிப்பது சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ குடும்பத்தோடு கிளம்பும்போது. அப்போதும் பேட்டரி பெரும்பாலும் படுத்தாது. படுத்துவது கையில் இருக்கும் போன்தான்: ஓடிபி வராது, ஆப் அப்டேட் கேட்கும், வாலட்டில் பணம் ஏறாது. அதனால் இந்த விளக்கத்தில் பாதி போனைப் பற்றியே இருக்கும்.

முதலில் ஒரு சின்ன அடிப்படை. மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

கிலோவாட் வேறு, யூனிட் வேறு

கிலோவாட் என்பது மின்சாரம் பாயும் வேகம். யூனிட், அதாவது கிலோவாட் மணி, என்பது உள்ளே போய்ச் சேர்ந்த அளவு. 40 யூனிட் பேட்டரி உள்ள காரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் கிடைக்கும்; காலியிலிருந்து நிரம்ப 13, 14 மணி நேரம் ஆகும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டியில் 6 மணி நேரம். நெடுஞ்சாலையில் இருக்கும் டிசி சார்ஜரில், அதாவது வேக சார்ஜரில், 30 கிலோவாட் வந்தால் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 50 நிமிடம்.

80 வரை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரம் சில கார்களில் முதல் 60 சதவீதத்துக்கு ஆனதை நெருங்கிவிடும். பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது நூறு ஆகட்டும் என்று உட்கார்ந்திருப்பது இருவருக்கும் நஷ்டம்.

படி 1: வீட்டு பிளக்கைச் சரிபாருங்கள்

பயணத்துக்கு முந்தைய ராத்திரி வீட்டில் முழு சார்ஜ் ஏற வேண்டும். காரோடு வந்த கேபிளின் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். பிளக்கில் சொருகியதும் அது சிவப்பு விளக்கு காட்டினால் பெரும்பாலும் எர்த் பிரச்சினை. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், ஆனால் அது எங்கேயும் போய்ச் சேராது. டிவியும் மிக்ஸியும் இதைக் கண்டுகொள்வதில்லை. கார் சார்ஜர் கண்டுகொள்ளும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் சுமாராக வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெரும்பாலும் வெளியே புதிதாக எர்த் குழி போட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயர்ல சேத்துட்டா வேலை செய்யும் சார்" என்று யாராவது சொன்னால், காசைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேலை செய்யும், உண்மைதான். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் வயர் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க கரண்ட் இருக்கும். மழை நாளில் குழந்தை கதவைத் தொடும் காரியம் இது, விளையாட்டில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஏசி அரை மணிக்கு ஒருமுறை ஓய்வெடுக்கும். கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். சார்ஜ் ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள். அடுக்ககத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் சார்ஜர் மறுத்தால் பதறாதீர்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் இருப்பதால் பல இடங்களில் அப்படித்தான் ஆகும்.

மின் கட்டணத்தையும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தாலும், இரண்டு மாத பில்லில் 285 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

படி 2: போனைத் தயார் செய்யுங்கள், வீட்டிலேயே

இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். மிகையாகச் சொல்லவில்லை.

ஒவ்வொரு சார்ஜிங் நிறுவனத்துக்கும் தனித்தனி ஆப். டாடா பவர் ஈசி சார்ஜ், சியான், ஸ்டாட்டிக், சார்ஜ்ஸோன், ஜியோ-பிபி பல்ஸ் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் போட வேண்டாம். நீங்கள் போகும் பாதையில் எவருடைய சார்ஜர்கள் இருக்கின்றன என்று பார்த்து, மூன்று ஆப் போட்டால் போதும். பெட்ரோல் போட எந்த ஆப்பும் வேண்டாம், இதற்கு மட்டும் ஏன் இத்தனை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. சில ஆப்கள் மற்ற நிறுவனங்களின் சார்ஜரையும் காட்டுகின்றன; ஆனால் காட்டுவதெல்லாம் அதே ஆப்பிலிருந்து இயங்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

போட்ட ஒவ்வொரு ஆப்பிலும் இவற்றை முடித்துவிடுங்கள்:

- மொபைல் எண்ணைப் பதிவு செய்து ஓடிபி வரை போய் முழுதாக உள்ளே நுழையுங்கள். பதிவு செய்யும் எண் ரீசார்ஜ் தீர்ந்துபோன இரண்டாவது சிம்மாக இருக்கக் கூடாது.
- கார் மாடல், வண்டி எண் கேட்டால் கொடுத்துவிடுங்கள். சில ஆப்கள் அது இல்லாமல் சார்ஜைத் தொடங்கவே விடாது.
- லொகேஷன், கேமரா அனுமதி கொடுங்கள். கேமரா இல்லாமல் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகாது.
- ஆண்ட்ராய்டு போனில் பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பு, பின்னால் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். அப்புறம் சார்ஜ் நின்ற சேதி உங்களுக்கு வராது. இந்த ஆப்களுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.
- கிளம்பும் அன்று காலை வைஃபையில் எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். ஒரு புள்ளி சிக்னலில், வெயிலில், 80 எம்பி இறக்கச் சொல்லும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது பொறுமைக்கு நல்ல சோதனை.

பணம்: நேராக யூபிஐயில் கட்ட விடும் ஆப்களும் உண்டு, முதலில் வாலட்டில் ஏற்று என்பவையும் உண்டு. அதிகம் பயன்படுத்தப்போகும் இரண்டில் மட்டும் தலா 700, 800 ரூபாய் போட்டு வையுங்கள். 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 24 யூனிட், யூனிட் 20 ரூபாய் என்றால் 480. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 566 ரூபாய். ஆப்பில் பெரிய எழுத்தில் தெரியும் விலை பெரும்பாலும் வரி சேராத விலை. மூன்று ஆப்பிலும் ஆயிரம் ஆயிரமாகக் கொட்டினால், அடுத்த தீபாவளி வரை அந்தப் பணம் அங்கேயே தூங்கும்.

படி 3: சார்ஜரைத் தேர்ந்தெடுங்கள்

ஆப்பில் பச்சைப் புள்ளி தெரிந்தால் சார்ஜர் இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அதன் முன்னால் ஒரு டீசல் வண்டி நிற்கலாம். கன்னில், அதாவது காரில் சொருகும் கேபிள் முனையில், கோளாறு இருக்கலாம். அதனால் பச்சைப் புள்ளியைவிட, நேற்றோ இன்றோ அங்கே சார்ஜ் போட்ட ஒருவரின் பதிவை நம்புங்கள். பிளக்ஷேர் போன்ற ஆப்களில் ஓட்டுநர்கள் வெற்றியா தோல்வியா என்று எழுதி வைக்கிறார்கள். மூன்று மாதமாக எந்தப் பதிவும் இல்லாத இடத்துக்கு 15 சதவீத சார்ஜோடு போகாதீர்கள்.

உங்கள் காருக்குப் பொருந்துகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இன்றைக்கு இந்தியாவில் விற்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை வேக சார்ஜுக்கு சிசிஎஸ்2, மெது சார்ஜுக்கு டைப் 2 என்ற பிளக் வகைகளைப் பயன்படுத்துகின்றன. டைப் 2 மட்டும் உள்ள இடம் வழியில் அவசரத்துக்கு உதவாது. ராத்திரி தங்கும் விடுதியில் இருந்தால் தங்கம்.

மூன்றாவது, கன்கள் எத்தனை, மொத்த சக்தி எவ்வளவு. "60 கிலோவாட், 2 கன்" என்று போட்டிருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் சொருகிய கணமே உங்களுக்கு 30 ஆகக் குறையும் இயந்திரங்கள் நிறைய. அரை மணி நேரம் என்று போட்ட கணக்கு 50 நிமிடமாவது இப்படித்தான்.

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 325 கிலோமீட்டர். 40 யூனிட் காரில் நெடுஞ்சாலையில், ஏசி போட்டு, மணிக்கு 90, 100இல் போனால் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது; அதாவது முழு சார்ஜில் 240. அதற்காக உளுந்தூர்பேட்டையும் தாண்டி இழுக்க வேண்டாம். விழுப்புரம் பக்கம் 160 கிலோமீட்டரில் நிறுத்தினால் கையில் 30 சதவீதம் இருக்கும். அங்கே சார்ஜர் பழுது என்றாலும் உளுந்தூர்பேட்டை வரை போய்ச் சேரலாம். முதல் சார்ஜர் கைவிட்டால் இரண்டாவதுக்குப் போக சார்ஜ் மிச்சம் இருக்கிற இடத்தில் நிறுத்துவது, இந்தப் படியில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே விதி.

படி 4: சார்ஜர் முன்னால்

காரின் சார்ஜிங் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்து நிறுத்துங்கள். சில கார்களில் முன்னால், சிலவற்றில் பின்பக்கம். கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கும். நீட்டி இழுக்க முடியாது.

இறங்கியதும் திரையைப் பாருங்கள். இருட்டாக இருந்தால் ஓட்டல் காவலாளியைக் கேளுங்கள்: "அண்ணே, சார்ஜர் மெயின் ஆன்ல இருக்கா?" பாதி நேரம் யாரோ ராத்திரி அணைத்திருப்பார்கள். திரையில் பழுது என்று வந்தால், இயந்திரத்தின் மேல் இருக்கும் சிவப்பு அவசர பொத்தானைப் பாருங்கள். குழந்தைகள் யாராவது அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் வெளியே துள்ளி வரும், இயந்திரமும் கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்ளும்.

இப்போது கார். வண்டியை அணைத்து, சார்ஜிங் வாயைத் திறங்கள். மேலே ஏழு ஓட்டைகள் கொண்ட வட்டம், கீழே இரண்டு பெரிய ஓட்டைகள். பல கார்களில் கீழ்ப்பகுதிக்குத் தனி ரப்பர் மூடி உண்டு. வீட்டில் மெது சார்ஜ் மட்டுமே போட்டவர்கள் அந்த மூடியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதை எடுத்துவிட்டு கன்னை நேராக, கடைசி வரை அழுத்துங்கள்.

ஆப்பில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, நீங்கள் எடுத்த கன்னின் எண்ணையே தேர்ந்தெடுங்கள். தொடங்கு என்று அழுத்தியதும் காருக்குள் டக் என்று பூட்டு விழும் சத்தம் கேட்கும். அதன்பின் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ள அரை நிமிடம், சில சமயம் ஒரு நிமிடம் ஆகும். இந்த நேரத்தில்தான் அதிகம் தோற்கும். காரணம் பல தடவை சாதாரணமானது: கன்னின் எடை அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது, மேல்பக்கத்து மெல்லிய முனைகள் சரியாகத் தொடுவதில்லை. கைப்பிடியை அடியிலிருந்து லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொடங்குங்கள். எண்கள் ஓட ஆரம்பித்த பிறகு விடலாம்.

ஓட ஆரம்பித்ததும் டீக்குப் போய்விடாதீர்கள். இரண்டு நிமிடம் நின்று கிலோவாட் எவ்வளவு என்று பாருங்கள். சித்திரை வெயிலில் வேகமாக ஓட்டி வந்திருந்தால் பேட்டரி சூட்டால் வேகம் குறைவாக இருக்கலாம், கொஞ்சம் ஆறியதும் ஏறும். 10க்குக் கீழேயே நின்றால் நிறுத்திவிட்டு அடுத்த கன்னில் முயலுங்கள்.

படி 5: தொடங்கவில்லை என்றால்

வரிசையாக: ஆப்பில் நிறுத்துங்கள், கன்னைக் கழற்றுங்கள், காரைப் பூட்டி ஒரு நிமிடம் விடுங்கள், மறுபடி சொருகுங்கள். அப்படியும் இல்லையென்றால் இன்னொரு கன். அதுவும் இல்லையென்றால் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எடுத்தவுடன் சார்ஜர் எண்ணைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊர், ஓட்டல் பெயர் என்று பத்து நிமிடம் போகும். "ரிமோட்ல ரீசெட் பண்ணி, நீங்களே ஸ்டார்ட் பண்ணிக் கொடுங்க" என்று தெளிவாகக் கேளுங்கள். பல நிறுவனங்களால் அது முடியும், ஆனால் கேட்காமல் செய்ய மாட்டார்கள். உங்கள் போனில் சிக்னலே இல்லை என்றாலும் இதே வழி உதவும். காவலாளியின் போனிலிருந்து கூப்பிட்டால் போதும்.

பணம் போய், சார்ஜ் ஏறவில்லையா? திரையைப் படமெடுத்து வையுங்கள். பெரும்பாலும் வாலட்டுக்குத் திரும்பிவிடும். அங்கேயே நின்று சண்டை போடாதீர்கள், அடுத்த சார்ஜருக்குக் கிளம்புங்கள்.

படி 6: முடித்துக் கிளம்புவது

முதலில் ஆப்பில் நிறுத்துங்கள், அப்புறம் சாவியால் காரைத் திறங்கள், அதன்பின் கன்னை இழுங்கள். வரவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். காரைப் பூட்டித் திறந்து இரண்டு மூன்று முறை முயலுங்கள். பல கார்களில் கையால் விடுவிக்க ஒரு கயிறோ நெம்புகோலோ உண்டு, அது எங்கே என்று கார்க் கையேட்டில் வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

பில்லில் 26 யூனிட் இருக்கும், பேட்டரிக்கு 24 தான் ஏறியிருக்கும். அது திருட்டில்லை, வழியில் சூடாகவும் பேட்டரியைக் குளிர்விக்கவும் போனது. சார்ஜ் முடிந்தும் கன்னைக் கழற்றாமல் நின்றால் நிமிடக் கணக்கில் அபராதம் போடும் நிறுவனங்கள் உண்டு. சாப்பாட்டுக்கு உட்காரும்போது அதை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்னைத் தரையில் போடாமல் அதன் கூட்டில் மாட்டுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பிளக்ஷேரில் ஒரு வரி எழுதுங்கள்: எந்தக் கன், எத்தனை கிலோவாட் வந்தது, கழிப்பறை எப்படி. "நைஸ்" என்று மட்டும் எழுதினால் அடுத்து வருகிறவருக்கு ஒன்றுக்கும் ஆகாது.