ஆங்கிலம் வாசிக்க, எழுதச் சொல்லிக்கொடுப்பது எப்படி? மழலை வகுப்பிலிருந்து மேல்வகுப்பு வரை

நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் முதலில் செய்தது, ஏ முதல் இசட் வரை 26 எழுத்தின் பெயர்களையும் மனப்பாடம் செய்யவைத்ததுதான். ஒரு நாள் 'பின்' என்ற சொல்லைக் காட்டினேன். குழந்தை "பி, ஐ, என்... பியையென்" என்று வாசித்தது. தப்பு குழந்தைமேல் இல்லை. தமிழில் 'அ'வின் பெயரும் 'அ', ஓசையும் 'அ'. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஓசை வேறு. 'டபிள்யூ' என்ற பெயருக்குள் 'வ்' ஓசை எங்கே இருக்கிறது?

படி 1: ஓசை முதலில், பெயர் பிறகு

எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n). இந்த ஆறு எழுத்தில் தொடங்குங்கள். சிட், டிப், டின், நிப், ஸ்பின் என்று ஒரு கொத்துச் சொற்கள் உடனே கைக்கு வந்துவிடும். ஓசையைப் புள்ளி வைத்த மெய்யாகவே சொல்லுங்கள்: 'ப்', 'ட்', 'ன்'. 'ப, ட, ன' என்று சொன்னால் சேர்த்து வாசிக்கும்போது ஒட்டாது.

படி 2: வாசித்ததை அன்றே எழுதவையுங்கள்

நான் விடாப்பிடியாக இருப்பது இதில்தான். பார்த்து எழுதும் பயிற்சி கையெழுத்துக்கு நல்லது. எழுத்துக்கூட்டலுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. சொல்லைக் காட்டாமல் வாயால் சொல்லுங்கள். குழந்தை ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு விரலை மடக்கட்டும். 'ஷிப்': ஷ், இ, ப். மூன்று விரல். ஆனால் எழுத்து நான்கு, ஏனென்றால் எஸ்ஸும் எச்சும் சேர்ந்துதான் 'ஷ்'. இப்படி இரட்டை எழுத்துகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துங்கள். பிறகு சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் வரும் ஊமை ஈ (e): 'பின்' 'பைன்' ஆகும், 'கிட்' 'கைட்' ஆகும்.

'செட்' (said) என்று நீங்கள் சொன்னதை எஸ், ஈ, டி (sed) என்று எழுதினால் உடனே சிவப்பு மையால் அடிக்காதீர்கள். காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. "முதல் ஓசை சரி, கடைசி ஓசை சரி, நடுவில் மட்டும் இந்தச் சொல் குறும்பு செய்யும்" என்று ஏ, ஐ இரண்டையும் வட்டமிட்டுக் காட்டுங்கள். மனப்பாடம் செய்யவேண்டியது அந்த இரண்டு எழுத்துதான்.

படி 3: சரளம்

ஏழெட்டு வயதில் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டால், ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால், அந்தப் புத்தகத்தைச் சில மாதம் கழித்து எடுக்கலாம்.

படி 4: வாக்கியம்

கட்டுரை எழுதச் சொல்ல அவசரம் வேண்டாம். ஒரே தொடக்கம் கொடுங்கள்: "ஐ லைக் ரெயின்". அதை பிகாஸ், பட், ஸோ என்று மூன்று விதமாக முடிக்கச் சொல்லுங்கள். 'பிகாஸ்' வந்தால் காரணம் தேட வேண்டும், 'பட்' வந்தால் மறுபக்கம் பார்க்க வேண்டும், 'ஸோ' வந்தால் விளைவை யோசிக்க வேண்டும். 'பட்'டில் பெரும்பாலானவர்கள் திணறுவார்கள். காத்திருங்கள், வரும்.

படி 5: மேல்வகுப்பில் வேர்ச்சொல்

இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டர். எல்லாவற்றிலும் 'போர்ட்' இருக்கிறது. லத்தீனில் அதற்குச் சுமத்தல் என்று பொருள். இப்படி ஒரு வேர் பிடிபட்டால் புதுச்சொல்லுக்கு முன்னால் மாணவர் மிரளமாட்டார்.

எழுதிய கட்டுரையை இரண்டு சுற்றாகத் திருத்துங்கள். முதல் சுற்றில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அந்த வாக்கியத்தை அவரே உடைப்பார். எழுத்துப்பிழை இரண்டாம் சுற்றுக்கு.