ஒரு பிள்ளைக்கு ஒரு தாள்: தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவது எப்படி?

2022-ல் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் வந்த பிறகு, தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லித்தருகிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லா வகுப்பிலும் ஓரிரு பிள்ளைகள் தொடக்க நிலையான அரும்பிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு திட்டம் வேண்டும். பெரிய கோப்பு தேவையில்லை, ஒரு தாள் போதும். என்னிடம் படித்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை வைத்தே சொல்கிறேன்.

படி 1: தெரிந்ததை முதலில் எழுதுங்கள்

“வாசிக்கத் தெரியாது” என்று தொடங்காதீர்கள். அவளுக்கு உயிரெழுத்துகள் தெரியும். க, கா, கி, கு வரை தடுமாற்றமில்லை. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள். இந்த மூன்றும்தான் தாளின் முதல் வரிகள்.

படி 2: எந்த இடத்தில் தடுக்கிறது?

இதற்கு நேரம் கொடுங்கள், அவசரப்பட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லி, வாயில் வருவதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அவள் ‘செடி’யைச் ‘சடி’ என்றாள், ‘கொடி’யைக் ‘காடி’ என்றாள். மேலோட்டமாகப் பார்த்தால் கவனக்குறைவு போலத் தெரியும். உண்மையில் அவள் கொம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ‘கொ’வில் கொம்பை விட்டால் மிஞ்சுவது ‘கா’தானே! தமிழில் கொம்பை எழுத்துக்கு முன்னால் போடுகிறோம், அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளைக்கு இது பெரிய சிக்கல்.

அப்புறம், கண் பார்வையையும் காது கேட்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு எந்தத் திட்டமும் உதவாது.

படி 3: ஒரே ஓர் இலக்கு

“வாசிப்புத் திறன் மேம்படும்” என்று எழுதினால் எப்படி அளப்பீர்கள்? நான் எழுதியது: “ஆறு வாரத்தில், ஒற்றைக் கொம்பு வரும் 10 சொற்களில் 8-ஐத் துணையில்லாமல் வாசிப்பாள்.” கொ, கோ எல்லாம் பிறகு.

படி 4: தினமும் பத்து நிமிடம்

கொம்பையும் எழுத்தையும் ஒரே சிவப்பு நிறத்தில் எழுதி, இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து என்று காட்டினேன். முதலில் ‘செ’ என்று சொல்ல வேண்டும், பிறகு மணல் தட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று சொல்தான்: செடி, பெட்டி, நெல். மற்றப் பாடங்களில் அவளை எழுதச் சொல்லாமல் வாய்மொழியாகக் கேட்டேன். வாசிப்பு வரவில்லை என்பதற்காகச் சூழ்நிலையியலில் அவள் ஏன் பின்தங்க வேண்டும்?

படி 5: சேர்ந்து செய்யுங்கள்

அம்மா அப்பாவிடம் தாளைக் காட்டுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் வரும் சிரமம்) என்பதும் உண்டு. ஆனால் அப்படியொரு பெயரை நாமே பிள்ளைக்குச் சூட்டக் கூடாது, அது மதிப்பீடு செய்பவர்களின் வேலை.

படி 6: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்

தேதி, சரியாக வாசித்த சொற்கள், இவ்வளவு குறித்தால் போதும். எண்ணிக்கை நகரவில்லையென்றால் நேரத்தையோ முறையையோ மாற்றுங்கள். அவளுக்கு மாலையில் நடத்தியதைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்றினேன். நான்காவது வாரம் 6 சொல், ஆறாவது வாரம் 9. அன்றே புதுத் தாள் எடுத்து ‘கொ’ என்று தலைப்பிட்டோம்.