கிராமப்புறச் சாலை அறிவிப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலை அடைப்பு, வெள்ள எச்சரிக்கை, பாலப் பணி என்று ஊரகப் பகுதிகளுக்கு அறிவிப்பு எழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் வரைவுகளை நான் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. நாங்கள் அந்தக் காலத்தில் செய்ததையே இவர்களும் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, பலகையில் பொடி எழுத்து, தொலைபேசி எண் விட்டுப்போவது இதெல்லாம் இன்னொரு தடவை படித்தாலே கண்ணில் பட்டுவிடும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். மேசையில் படிக்கும்போது சரியாகத் தோன்றி, சாலையில் போய் ஆளைக் கவிழ்க்கும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

பலகையை அடைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் வைப்பது

நகரத்தில் ஒரு தெருவை அடைத்திருந்தால் அடுத்த தெருவில் திரும்பிக்கொள்ளலாம். கிராமப்புறச் சாலையில் கடைசிப் பிரிவைத் தாண்டிவிட்டால் அப்புறம் பல கிலோமீட்டருக்கு வேறு வழி இருக்காது. சுமை ஏற்றிய லாரியோ டிரெய்லர் மாட்டிய டிராக்டரோ அந்த ஒற்றைத் தடத்தில் திரும்பவே முடியாது. இருட்டில் இரண்டு கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுப்பதா, தடுப்பை ஓரமாக நகர்த்திவிட்டுப் போய்விடுவதா என்று யோசிக்கும் நிலைக்கு ஓட்டுநரைத் தள்ளியது நாம்தான்.

முதல் பலகை கடைசித் திருப்பத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். எத்தனை கிலோமீட்டரில் அடைப்பு, கனரக வண்டி எந்த வழியாகப் போக வேண்டும் என்ற இரண்டும் அதில் இருந்தால் போதும். வளைவு முடிந்த உடனே பலகை நடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. பலகையைப் பார்த்து, படித்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனாலும் கிட்டத்தட்ட 40 மீட்டர் போய்விடும். வண்டி நிற்பதற்கு ஆகும் தூரம் இதில் சேரவில்லை.

முடிவு நேரம் இல்லாத அறிவிப்பு

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. "மறு அறிவிப்பு வரும் வரை இச்சாலை மூடப்பட்டுள்ளது." பத்து வரைவில் குறைந்தது எட்டு இப்படித்தான் முடியும். எழுதுகிறவருக்கு இது வசதி, எந்தத் தேதிக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டாம். ஆனால் அந்த மறு அறிவிப்பு பெரும்பாலும் வருவதே இல்லை.

ஒரு தரைப்பாலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பழுது பார்ப்பதற்காக மூடி, இந்த வாசகத்தோடு பலகை வைத்தார்கள். வேலை முடிந்தது, ஆட்கள் கிளம்பினார்கள், பலகை மட்டும் அங்கேயே நின்றது. முதல் நாள் ஒரு பைக் ஓரமாகப் புகுந்து போனது. பிறகு கார்கள் போயின. கொஞ்ச நாளில் யாரோ தடுப்பை ஒரு வண்டி போகும் அளவுக்குத் தள்ளி வைத்தார்கள், பக்கத்து மண்ணில் டயர் தடம் பதிந்து அதுவே பாதையாகிவிட்டது. அடுத்த பெருமழையில் அதே தரைப்பாலத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. இப்போது உண்மையிலேயே மூட வேண்டும். பொறுப்பில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அதே பலகையை நிமிர்த்தி நடுச்சாலையில் வைத்தார்கள். அதே வாசகம், தேதி கிடையாது. அன்று ராத்திரி ஒரு வேன் வழக்கம்போல ஓரமாகச் சுற்றிப் போய், உடைந்த விளிம்பில் முன்சக்கரம் இறங்கித் தொங்கியது. ஓட்டியவரை உயிரோடு மீட்டார்கள். "அந்தப் பலகை எப்பவும் அங்கதானே நிக்குது" என்று அவர் சொன்னதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆனாலும் பிறகு நடந்த கூட்டத்தில் "மக்கள் எச்சரிக்கையை மதிப்பதில்லை" என்றுதான் குறிப்பு எழுதினார்கள். மக்கள் மதிக்காமல் இல்லை. அந்தப் பலகைக்கு அர்த்தம் இல்லை என்று வாரக்கணக்கில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்.

அடிமண் அரிப்பில் பயங்கரம் என்னவென்றால் மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. 1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் வெள்ளத்தில் சரிந்து 10 பேர் இறந்தார்கள். தூணின் அடியில் இருந்த மண்ணை நீர் அரித்ததுதான் காரணம். ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அவருக்குச் சொல்ல அறிவிப்பை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதன் நம்பகத்தன்மையைத்தான் பழைய பலகை தின்றுவிடுகிறது.

பல நாடுகளின் அதிகாரபூர்வ எச்சரிக்கைகளுக்குப் பயன்படும் காமன் அலர்ட்டிங் புரோட்டோகால் என்ற நெறிமுறையில், எச்சரிக்கை எப்போது காலாவதி ஆகிறது என்று எழுதத் தனி இடம் உண்டு. புதிய எச்சரிக்கை, திருத்தம், ரத்து என்று செய்திகளையும் வகை பிரித்திருக்கிறார்கள். திரும்பப் பெறுவதும் எச்சரிக்கை வேலையில் ஒரு பாதி என்பதால்தான் அப்படி. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்ற தவறான எச்சரிக்கை எல்லோருடைய செல்போனுக்கும் போனது. அது தவறு என்ற செய்தி அதே வழியாகப் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. ரத்துச் செய்தி எதுவும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை.

ஆகவே என்னிடம் வரும் வரைவில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். முடியும் நாள் தெரிந்தால் நாளும் நேரமும். தெரியாவிட்டால் "வியாழன் மாலை 6 மணிக்கு நிலைமை மீண்டும் அறிவிக்கப்படும்" என்ற ஒரு வரி. அந்த வியாழக்கிழமை ஒன்றும் மாறவில்லை என்றாலும் "மாற்றமில்லை" என்று அறிவித்தே ஆக வேண்டும். அடுத்து, சாலை திறந்ததைச் சொல்லும் அறிவிப்பையும் அதே வேளையில் எழுதி வைத்திருக்க வேண்டும். கடைசியாக, பலகையை எடுக்கப் போகிறவரின் பெயர். "ஊழியர்கள்" என்று எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்கள். உடனே எடுத்துப்போக வண்டி இல்லையென்றால், எழுத்து தெரியாதபடி சாக்கைப் போட்டு மூடிக் கட்டிவிட்டாவது வர வேண்டும்.

"கவனமாகச் செல்லவும்"

என்ன செய்ய வேண்டும் என்று இதில் எதுவுமே இல்லை. வேகத்தைக் குறைப்பதா, நிற்பதா, திரும்பிப் போவதா? ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். ராத்திரியில் ஆழம் தெரியாது, அடியில் சாலை இருக்கிறதா என்பதும் தெரியாது. "சாலையில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள், திரும்பிப் போங்கள்" என்று நேராக எழுதுங்கள்.

உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரிந்த இடப்பெயர்

பழைய மில் திருப்பம், பெரிய மரத்து வளைவு என்று எழுதினால் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? சாலை எண், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், சந்திப்பிலிருந்து எத்தனை கி.மீ. என்று முதலில் எழுதிவிட்டு, உள்ளூரில் வழங்கும் பெயரைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரணத்தை எழுதாமல் விடுவது

"பாலத்தின் அடிமண் போய்விட்டது" என்று படித்தவர் தடுப்பை நகர்த்த யோசிப்பார்.

செல்போனுக்கு மட்டும் அனுப்புவது

சிக்னல் கிடைக்காத பள்ளத்தில்தான் தண்ணீர் முதலில் ஏறுகிறது.

பலகையில் ஒன்று, செய்தியில் ஒன்று

எச்சரிக்கை கிடைத்ததும் யாரும் உடனே கிளம்பிவிடுவதில்லை. இன்னொரு இடத்தில் விசாரித்து உறுதி செய்துகொண்டுதான் நகர்வார்கள். பேரிடர் எச்சரிக்கைகளை ஆராய்ந்த டென்னிஸ் மிலெட்டியும் ஜான் சோரன்சனும் 1990-இல் தொகுத்த ஆய்வுகள் காட்டுவதும் அதைத்தான். பலகையில் 6 மணி, வானொலியில் 8 மணி என்றால் இரண்டையுமே நம்ப மாட்டார்கள். ஒரே வாசகத்தை எழுதி, அதையே எல்லா இடத்துக்கும் கொடுங்கள்.

மாற்றுப்பாதையை வரைபடத்தில் மட்டும் பார்ப்பது

வரைபடத்தில் கோடாகத் தெரிவது தரையில் லாரி நுழைய முடியாத சுரங்கப்பாதையாகவோ, எடைக் கட்டுப்பாடு உள்ள பழைய பாலமாகவோ, அடிக்கடி மூடும் ரயில்வே கேட்டாகவோ இருக்கலாம். அறுவடைக் காலத்தில் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு எதிரே அறுவடை இயந்திரம் வரும். பள்ளி வேன் எத்தனை மணிக்கு அந்த வழியில் போகிறது என்று கேளுங்கள். பிறகு அறிவிப்பை வெளியிடுவதற்கு முன்னால், அந்தப் பாதையில் பகலில் ஒரு முறையும் இருட்டிய பிறகு ஒரு முறையும் நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள்.