பாத்திரம் கழுவும் மெஷினில் 'கரகர' சத்தம்: சிரட்டைச் சில்லு செய்த வேலை

சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. கழுவும்போது ஒரே சீராக 'டக் டக்' என்றால், சுழன்று தண்ணீர் பீய்ச்சும் கை ஏதோ கரண்டிக் காம்பில் இடிக்கிறது; அடுக்கை மாற்றினால் போதும். எங்கள் மார்த்தாண்டம் வீட்டு மெஷினில் தண்ணீர் வெளியேறும்போது மட்டும் 'கரகர'. அப்படியென்றால் கோளாறு டிரெயின் பம்பில், அதாவது அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பில்.

பிளக்கைப் பிடுங்கி, கீழ்த்தட்டை எடுத்து, ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றினேன். குழியில் நின்ற தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, பம்ப் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பினேன், வந்துவிட்டது. (கண்ணாடித் துண்டு கிடக்கலாம், வெறும் விரலை விடாதீர்கள்.) இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சிறு சக்கரம்) இதழ்களுக்கு நடுவே சுண்டுவிரல் நக அளவில் ஒரு சிரட்டைச் சில்லு, கூடவே மீன்முள். தேங்காய் துருவிய தட்டை உதறாமல் அடுக்கினால் வேறென்ன வரும்?

இம்பெல்லரைக் கையால் சுற்றினால் விட்டுவிட்டுத்தான் நகரும். மோட்டாரில் காந்தம் இருப்பதால் அப்படி. பழுதென்று நினைத்துப் புது பம்ப் வாங்கிவிட வேண்டாம். லொடலொடவென்று ஆடினாலோ இதழ் உடைந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். மூடியை 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள், இல்லையென்றால் தண்ணீர் சரியாக வெளியேறாது. ஃபில்டரை மாட்டி, 1 லிட்டர் ஊற்றி, டிரெயின் மட்டும் ஓட்டிப் பார்த்தேன்: 'ம்ம்' என்ற முனகல்தான்.